காலம் காட்டாத பெயர்கள்

1

ஆடம்பரக் கைக்கடிகாரங்களைப் பற்றிய எந்த எழுத்தை எடுத்தாலும் முதலில் வழிமறிப்பது ஒரு சொற்கூட்டம். விலை அப்புறம்தான் வருகிறது; பல சமயம் வருவதேயில்லை. ஆங்லாஜ், பெர்லாஜ், கியோஷாஜ், ரெக்லாஜ் என்று பிரெஞ்சுப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இவற்றில் மாயம் ஒன்றுமில்லை. ஆங்லாஜ் என்றால் எஃகு அல்லது பித்தளை உறுப்பின் விளிம்பை 45 பாகைச் சாய்வில் சீவி மெருகேற்றுவது. பெர்லாஜ் என்றால் சுழலும் முனையொன்றைத் தகட்டின்மேல் அடுத்தடுத்து ஒற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சிறு வட்டங்களைப் பதிப்பது. கியோஷாஜ் என்றால் கையால் சுற்றும் கடைசல் எந்திரத்தில் வைத்து முகப்புத் தகட்டில் நுண்வரிகளைக் கோலம்போலச் செதுக்குவது. ரெக்லாஜ் என்றால் கடிகாரத்தின் ஓட்டத்தை நேர்ப்படுத்துவது.

இந்தச் சொற்கள் எல்லாமே 'ஆஜ்' என்ற விகுதியில் முடிவது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது செயலைப் பெயராக்கும் விகுதி. நாம் தொழிற்பெயர் என்கிறோமே, அதுதான்: சீவுதல், ஒற்றுதல், செதுக்குதல். இதே வினைகளுக்கு இன்னொரு வகைப் பெயரும் அந்த மொழியில் உண்டு. ஆங்லெர், கியோஷெர், ரெக்லெஸ். சீவுபவன், செதுக்குபவன், நேர்ப்படுத்துபவள். நம் பள்ளிக்கூட இலக்கணம் இரண்டுக்கும் வேறுபாடு சொல்லித் தந்திருக்கிறது. தொழிற்பெயர் காலம் காட்டாது, செய்தவர் யாரென்று காட்டாது. வினையாலணையும் பெயர் காலமும் காட்டும். செய்தது நானா, நீயா, அவளா என்பதையும் காட்டும். பிரெஞ்சு விகுதிகளுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அங்கே செய்பவர் பெயர் காலம் காட்டுவதில்லை. ஆனால் ஆணா பெண்ணா என்று காட்டும். ஓர் ஆள் இருப்பதைக் காட்டும். என் வாதத்துக்கு அது போதும்.

செய்பவர்களின் பெயர்களால் தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு தொழில், செயல்களின் பெயர்களால் தன்னை விற்றுக்கொள்ளும் தொழிலாக மாறியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதிக் கடிகாரத் தொழிலின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளை இப்படி வாசிக்க முடியும் என்பதே நான் சொல்ல விரும்புவது. ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கடிகாரம் தொழிலாளியை என்ன செய்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்: கடிகாரம் செய்த தொழிலாளி என்ன ஆனார்?

2

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில், உழைப்புப் பிரிவினையைப் பேசும் இடத்தில், மார்க்ஸ் கடிகாரத் தொழிலை எடுத்துக்கொள்கிறார். ஒரு காலத்தில் நியூரம்பர்க் கைவினைஞர் ஒருவரே முழுசாகச் செய்த பொருள், இப்போது எண்ணற்ற பகுதித் தொழிலாளர்களின் கூட்டு விளைபொருளாகிவிட்டது என்பது அவர் வாதம். வாதத்தைவிட என்னை ஈர்ப்பது அந்த இடத்தில் அவர் அடுக்கும் பட்டியல். வில்சுருள் செய்பவர், முகப்பு செய்பவர், கல்லில் துளையிடுபவர், முள் செய்பவர், கூடு செய்பவர், திருகாணி செய்பவர், பொன்முலாம் பூசுபவர் என்று நீண்டுகொண்டே போகிறது. கோட்பாட்டு நூலொன்றின் நடுவே திடீரென்று ஒரு தெருவே எழுந்து நடப்பதுபோல இருக்கிறது. பட்டியல் முழுக்க ஆட்கள்.

தெரு என்று நான் சொல்வது வெறும் உவமையில்லை. லா ஷோ-ட-ஃபோன் என்ற ஊர் முழுவதையும் ஒரே பெரிய கடிகாரத் தொழிற்சாலையாகப் பார்க்கலாம் என்று மார்க்ஸ் எழுதினார். ஊருக்குத்தான் தொழிற்சாலையின் வடிவம். தொழிற்சாலைக் கட்டிடம் என்று ஒன்று இல்லை. 1794 தீவிபத்துக்குப் பிறகு திட்டமிட்டுக் கட்டப்பட்ட அந்த ஊரில், வெளிச்சம் விழும்படி இணையாக ஓடும் தெருக்கள், சன்னலோரத்தில் வேலைமேசை போட்ட வீடுகள். வணிகர் உறுப்புகளைத் தருவார். ஒரு வீட்டில் சீவுவார்கள், அடுத்த வீட்டில் துளையிடுவார்கள், மூன்றாவது வீட்டில் முலாம் பூசுவார்கள். கடைசியில் வணிகர் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டித் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். இந்த ஏற்பாட்டுக்கு எத்தாப்லிசாஜ் என்று பெயர். பாருங்கள், இதிலும் அதே விகுதி.

வீட்டிலிருந்து செய்யும் வேலை முதலாளிக்குக் கட்டிடச் செலவை மிச்சப்படுத்துகிறது என்று கணக்குப் பார்த்தவர் மார்க்ஸ். வீட்டில் உட்கார்ந்து செய்வதால் மட்டும் ஒருவர் சுதந்திரக் கைவினைஞர் ஆகிவிட மாட்டார் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1872இல், ரஷ்யாவிலிருந்து வந்த கிரொப்போட்கின் அதே மலைப்பகுதிக்குப் போனார். அவர் பார்த்தது வேறு. சிறு பட்டறைகளில் வேலை செய்துகொண்டே பேசுகிறார்கள், வாதிடுகிறார்கள், யாருக்கும் தலைவணங்காமல் சொந்தமாக யோசிக்கிறார்கள் என்று கண்டார். அவர்களோடு சில நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பும்போது, தான் ஓர் அராஜகவாதி என்பதில் தனக்கு ஐயமில்லாமல் போயிற்று என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஒருவர் அந்தச் சன்னலில் சுரண்டலைப் பார்த்தார், இன்னொருவர் விடுதலையைப் பார்த்தார். இரண்டும் இருந்தன என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்தத் தொழிலாளர்கள் தங்கள் பகுதிப் பெயர்களையே அரசியல் பெயர்களாக்கிக்கொண்டார்கள். 1871 நவம்பரில் சோன்விலியே கிராமத்தில் உருவான ஜூரா கூட்டமைப்பும், 1872 செப்டம்பரில் செயின்ட் இமியே ஊரில் கூடிய அதிகார எதிர்ப்பு அகிலத்தின் மாநாடும் இவர்கள் இல்லாமல் நடந்திருக்காது. பகூனின் வந்து பேசியது இவர்களிடம்தான். அக்கூட்டமைப்பின் முன்னணியாளர்களில் ஒருவரான அதெமார் ஸ்விட்ஸ்கெபெல், உலோகத்தில் சித்திரம் செதுக்குபவர். சங்கங்களும் தொழில்வாரியாக இருந்தன: செதுக்குபவர் சங்கம், கூடு செய்பவர் சங்கம். இந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபெசெர் து ஸெக்ரே. 'இரகசியம் செய்பவர்' என்று பொருள். பெரிய சதிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டைப்பைக் கடிகாரத்தின் மூடி பட்டென்று திறக்கும்படி கூட்டின் விளிம்புக்குள் மறைத்து வைக்கப்படும் வில்லைச் செய்பவர். அவ்வளவுதான்.

இந்தச் செய்பவர் பெயர்களை நான் ஒரு பொற்காலமாக்க விரும்பவில்லை. ஒரு மனிதரை ஆயுள் முழுக்கத் திருகாணியோடு கட்டிப்போடும் பெயர் அது. பகுதி வேலை மனிதரையே பகுதியாக்கிவிடுகிறது என்று மார்க்ஸ் சொன்னது இவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் சங்கம் வைக்க முடிந்தது, கூலி கேட்க முடிந்தது, கையெழுத்துப் போட முடிந்தது.

3

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. எந்திரக் கடிகாரத்தின் உயிர்நிலை ஒரு சிறிய சக்கரமும் அதன் மையத்தில் சுருண்டிருக்கும் மயிரிழை வில்லும். நம்மூர் ரிப்பேர் கடைகளில் பேலன்ஸ் வீல், ஹேர் ஸ்பிரிங் என்பார்கள். சாவி கொடுத்தால் முறுக்கேறும் பெரிய வில்லின் விசை பல்சக்கரங்கள் வழியாக ஓடிவருகிறது. அதை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் ஒவ்வொரு பல்லாகத் தப்பவிடும் அமைப்பை எஸ்கேப்மென்ட் என்கிறார்கள். தப்பித்தல் என்றே பொருள். எப்போது தப்பவிட வேண்டும் என்று தாளம் போடுவது இந்தப் பேலன்ஸ். வில்லின் நீளத்தில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் மணி பிசகிவிடும்.

சுருள்வில்லைச் சக்கரத்தோடு பொருத்தி, நீளம் சரிபார்த்து, துடிப்பை ஒழுங்குபடுத்தும் இந்த வேலை பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது. அதனால்தான் ரெக்லெஸ் என்ற பெண்பால் பெயரே வழக்கில் நிலைத்தது. இன்றைய விற்பனைப் பட்டியல்களில் 'ஐந்து நிலைகளில் ரெக்லாஜ் செய்யப்பட்டது' என்று படிக்கிறோம். விகுதி மாறியதும் அவள் காணாமல் போகிறாள்.

ஜெர்மன் மொழியில் இந்தச் சக்கரத்துக்கு உன்ரூ என்று பெயர். அமைதியின்மை என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலமும் பிரெஞ்சும் சமநிலை என்று பெயர் வைத்த உறுப்புக்கு ஜெர்மன் அமைதியின்மை என்று வைத்திருக்கிறது! இந்த இரட்டைப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் சிரில் ஷாய்ப்ளின் 2022இல் ஒரு திரைப்படம் எடுத்தார். 1870களின் செயின்ட் இமியே, அங்கே வரும் கிரொப்போட்கின், அந்தச் சக்கரத்தைப் பொருத்தும் ஒரு பெண்தொழிலாளி. தொழில்நுட்பச் சொல்லும் அரசியல் சொல்லும் ஒரே ஒலியில் கூடும் அபூர்வமான இடம் அது.

பெயரே இல்லாமல் போனவர்களும் உண்டு. இதற்கு ஜூராவை விட்டுக் கொஞ்சம் வெளியே, இங்கிலாந்துக்குப் போக வேண்டும். பழைய கடிகாரங்களில், முறுக்குத் தளரத் தளரக் குறையும் விசையைச் சமன்செய்ய ஒரு கூம்புருளையும், அதில் சுற்றிய மெல்லிய சங்கிலியும் இருக்கும். மிதிவண்டிச் சங்கிலியை நூலளவுக்குச் சுருக்கினால் எப்படியிருக்கும், அப்படி. 1790 முதல் இங்கிலாந்தின் தென்கரை ஊரான கிறைஸ்ட்சர்ச்சில் இந்தச் சங்கிலிகளைச் செய்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். ஏழை விடுதிக் குழந்தைகளும் அதில் உண்டு. கண் போய்விடும் வேலை. பிறகு தொழில்நுட்பம் மாறி, சங்கிலி வழக்கொழிந்தது. ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஊரின் லாங்கே நிறுவனம், கிழக்கு ஜெர்மனிக் காலம் முடிந்து மறுபிறவி எடுத்தபோது, 1994இல் தன் முதல் கடிகாரங்களில் ஒன்றில் அதே சங்கிலியைத் திரும்பக் கொண்டுவந்தது. 600க்கும் மேற்பட்ட நுண்ணுறுப்புகள் கொண்ட சங்கிலி என்பது இன்று அதன் பெருமை. ஏழை விடுதிச் சிறுமியின் வேலை, இருநூறு ஆண்டு கழித்து உச்ச ஆடம்பரத்தின் அடையாளம். உறுப்புகளின் எண்ணிக்கை பட்டியலில் இருக்கிறது. விரல்களின் எண்ணிக்கை இல்லை.

4

'மூலதனம்' வெளிவந்த அதே 1867இல் இன்னொரு காரியமும் நடந்தது. லா ஷோ-ட-ஃபோனில் குடியேறியிருந்த ஜெர்மானியரான ஜார்ஜ் ஃபிரெதெரிக் ரோஸ்கோப், 20 பிராங்குக்கு ஒரு கடிகாரம் செய்து பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்து வெண்கலப் பதக்கம் வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பாட்டாளி'. உறுப்புகளைக் குறைத்து, எஸ்கேப்மென்டில் மாணிக்கக் கல்லுக்குப் பதில் சாதாரண எஃகு ஊசிகளை வைத்து, தங்கம் வெள்ளி இல்லாத கூட்டில் அடைத்த கடிகாரம். கூலிக்காரரும் மணி பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். மணி பார்க்கத் தெரிந்தால் முதலாளியின் மணியைச் சந்தேகிக்கவும் முடியுமல்லவா? தொழில் உலகமோ அதைக் கீழ்ச்சாதிக் கடிகாரமாகவே நடத்தியது. பாட்டாளி என்ற பெயர் மறைந்தது. ரோஸ்கோப் என்பது மலிவு என்பதற்கு மறுசொல்லாக எஞ்சியது.

'சிக்கல்' என்ற சொல்லை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணி, நிமிடம், வினாடி தவிர ஒரு கடிகாரம் வேறெது செய்தாலும், அதாவது தேதி காட்டினாலும், நிலவின் பிறை காட்டினாலும், ஓசையெழுப்பி மணி சொன்னாலும், அதற்குக் காம்ப்ளிகேஷன் என்று பெயர். பல சேர்ந்தால் பெருஞ்சிக்கல். சிக்கலை நீக்கியவர் பாட்டாளிக் கடிகாரம் செய்தார். சிக்கலைக் கூட்டியவர்கள் மன்னர்களுக்குச் செய்தார்கள். ஒரு கலைச்சொல்லுக்குள் வர்க்கம் இவ்வளவு வெளிப்படையாக உட்கார்ந்திருப்பது அடிக்கடி காணக்கிடைக்காது.

1876இல் இன்னொரு அடி விழுந்தது. பிலடெல்பியா கண்காட்சியில் அமெரிக்கர்கள், ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் பொருத்தக்கூடிய எந்திர உறுப்புகளால் செய்த கடிகாரங்களைக் காட்டினார்கள். செயின்ட் இமியேயின் லோன்ஜின் ஆலைப் பொறியாளர் ஜாக் தாவித் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, இனி வீடுவீடாகச் செய்து பிழைக்க முடியாது என்று எச்சரித்து எழுதினார். அதன்பின் மேசைகள் மெல்ல மெல்ல வீட்டுச் சன்னலிலிருந்து ஆலைச் சன்னலுக்கு இடம்பெயர்ந்தன. 1886இல் ஜெனீவா மாநிலம் தன் ஊர்க் கடிகாரங்களுக்கு ஒரு முத்திரையைச் சட்டமாக்கியது. போலிகளிடமிருந்து ஊரின் பெயரைக் காக்கும் ஏற்பாடு அது. அதன் விதிகள் காலப்போக்கில் எந்த விளிம்பு எப்படிச் சீவப்பட வேண்டும், எந்தப் பரப்பு எப்படி மெருகேற வேண்டும் என்று விரிந்தன. உழைப்பைப் பற்றிய பேச்சு பரப்பைப் பற்றிய பேச்சாகச் சட்டப் புத்தகத்திலேயே மாறிய கதை இது.

5

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். ஒரு சிறிய காரின் விலை. குவார்ட்ஸ் முதலில் வந்தபோது அதுதான் ஆடம்பரம். சில ஆண்டுகளில் விலை சரிந்தது, சுவிஸ் தொழிலும் சரிந்தது. 1970இல் சுமார் 90,000 பேர் வேலை செய்த தொழிலில் 1980களின் நடுவில் எஞ்சியவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

அந்தச் சரிவில் ஒருவருடைய பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. லு லோக்ல் ஊரின் ஜெனித் ஆலையில் வேலை பார்த்த ஷார்ல் வெர்மோ. 1975இல் அமெரிக்க உரிமையாளர்கள் எந்திரக் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னபோது, எல் பிரிமேரோ என்ற இயக்கத்தைச் செய்யும் அச்சுகளையும் கருவிகளையும் ஆலையின் மாடிப்பரணில் ஒளித்துவைத்தார். எது எதற்கென்று குறிப்பும் எழுதிவைத்தார். 1984இல் உற்பத்தி மறுபடி தொடங்கியது அந்தப் பரணிலிருந்துதான். உத்தரவை மீறியவர் இன்று நிறுவனத்தின் பெருமைக் கதையாகிவிட்டார். கீழ்ப்படியாமைகூடக் கொஞ்சம் காலம் கழிந்தால் விளம்பரமாகிவிடுகிறது.

பயன் போனபின் எதை விற்பது? 1980களில் வந்த விடை: செய்முறையையே விற்பது. பல ஆண்டுகள் வெறும் பெயராகக் கிடந்த பிளாங்பானை வாங்கி உயிர்ப்பித்தவர்கள், 1735 முதல் தாங்கள் குவார்ட்ஸ் கடிகாரமே செய்ததில்லை என்று விளம்பரம் செய்தார்கள். அட, 1735இல் யார்தான் குவார்ட்ஸ் செய்தார்கள்? ஆனால் அந்த வாக்கியம் வேலை செய்தது. கடிகாரங்களின் முதுகில் கண்ணாடி வந்தது. உள்ளே மறைந்திருந்த சீவலும் மெருகும் காட்சிப்பொருளாயின. பிரெகே 1801இல் காப்புரிமை பெற்ற டூர்பியோன், அதாவது சுழற்காற்று, செங்குத்தாகச் சட்டைப்பையில் கிடக்கும் கடிகாரத்தின் ஈர்ப்புவிசைப் பிழையைச் சமன்செய்ய உருவானது. அவர் காலத்தில் அது கூட்டுக்குள் மறைந்து சுழன்றது. ஓயாமல் அசையும் மணிக்கட்டில் அதற்குப் பெரிய வேலையில்லை. இப்போது முகப்பில் சன்னல் வெட்டி அதைச் சுழலவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 4 வினாடி பின்தங்கலாம், 6 வினாடி முந்தலாம் என்பது சுவிஸ் குரோனோமீட்டர் சான்றின் அளவுகோல்களில் ஒன்று. சாதாரண குவார்ட்ஸ் மாதம் முழுவதும் ஓடினாலும் அரை நிமிடத்தைத் தாண்டிப் பிசகாது. அப்படியானால் விற்கப்படுவது நேரம் இல்லை. செலவழிக்கப்பட்ட உழைப்பு நேரம்.

மார்க்சிய வாசகருக்கு இங்கே ஒரு சங்கடம் வரும். சரக்கு தனக்குள் இருக்கும் உழைப்பை மறைக்கிறது என்பதல்லவா நாம் படித்தது? இந்தச் சரக்கு உழைப்பைக் கண்ணாடி போட்டுக் காட்டுகிறதே! உட்புறக் கோணத்தைக் கையால்தான் சீவ முடியும், மெருகேற்ற ஜூரா புல்வெளியில் வளரும் ஜென்ஷியன் செடியின் தண்டுதான் வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொல்கிறதே! மாயை கலைந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உழைப்பு காட்டப்படுகிறது, உழைப்பவர் கழிக்கப்பட்ட பிறகு. ஆங்லாஜ் தெரிகிறது, ஆங்லெர் தெரியவில்லை. தொழிற்பெயர் செய்யும் வேலை இது. யார், எப்போது, என்ன கூலிக்கு என்ற கேள்விகள் எழவே முடியாத ஓர் இலக்கண வடிவத்தில் உழைப்பு நம்முன் நிறுத்தப்படுகிறது.

6

'பெயர் போட்டுச் செய்பவர்களும் இருக்கிறார்களே?' என்று கேட்கலாம். இருக்கிறார்கள். 1985இல் தனித்தியங்கும் கடிகாரச் சிற்பிகள் தங்களுக்கென ஒரு கழகம் தொடங்கினார்கள். ஜூ பள்ளத்தாக்கின் ஃபிலிப் துஃபூர் 2000இல் வெளியிட்ட கடிகாரத்துக்கு 'எளிமை' என்று பெயர், சிக்கலுக்கு எதிர்ப்பதம். மதிக்கத்தக்க வேலை. ஆனால் அங்கே திரும்பக் கிடைப்பது ஒற்றை மேதையின் கையொப்பம். மார்க்ஸ் பட்டியலிட்ட கூட்டம் கிடைப்பதில்லை. கையொப்பத்தையும் எவ்வளவு நம்பலாம்? மரீ அந்துவானெத்துக்காக 1783இல் பிரெகேயிடம் கேட்கப்பட்ட பெருஞ்சிக்கல் கடிகாரம் முடிந்தது 1827இல். ராணியின் தலை 1793இல் போயிற்று. பிரெகேயும் 1823இல் இறந்துவிட்டார். இறந்தவரின் பெயரில் நான்கு ஆண்டுகள் வேலை செய்து முடித்த கைகள் யாருடையவை என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை.

2009இல் லா ஷோ-ட-ஃபோனும் லு லோக்லும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. அந்தச் சன்னல்களும் தெருக்களும் மரபு; மார்க்ஸ் சொன்னது அங்கே பெருமையாக எடுத்துக்காட்டப்படுகிறது. 2020இல் எந்திரக் கடிகாரத் தொழில்திறனும் மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து விண்ணப்பித்தன. இரண்டு நாடுகள் ஏன் என்று கேட்டால் இன்றைய ஆலைகளின் வாசலுக்குப் போக வேண்டியிருக்கும். காலையில் பிரான்சுப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து, மாலையில் திரும்பிப்போகும் ஆயிரக்கணக்கானவர்களால்தான் ஜூராவின் ஆலைகள் ஓடுகின்றன. கணினி எந்திரத்தில் தகடு வெட்டுபவர்கள், கழுவுபவர்கள், அடுக்குபவர்கள், உருப்பெருக்கியில் பார்த்துக் கழிப்பவர்கள் எல்லாரும் இதில் உண்டு. ஃபுரோந்தாலியே, எல்லைக்காரர்கள் என்று அவர்களுக்குப் பொதுவாக ஒரு பெயர் இருக்கிறது. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை அது சொல்கிறது, என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. செதுக்குபவர் சங்கமும் கூடு செய்பவர் சங்கமும் வைத்துக்கொண்ட மாதிரியான பெயர் இவர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. விற்பனைப் பட்டியல்களின் 'ஆஜ்' விகுதிகளுக்கு அடியில் நான் தேடிக்கொண்டிருப்பது அந்தப் பெயர்களைத்தான்.